தாயிராவும் ஒலிப்பதிவுக் கூடமும்

நாகூர் தர்காவில் பாடி வந்த அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் பாபா சாபிர் ஆகிய மூவரின் குரல் கடல் கடந்து கேட்கப்பட்டது என்றால் மகிழாதார் யார்? 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், சென்னையிலுள்ள எர்த்ஸிங்க் என்னும் இசை நிறுவனத்தார், அலை தீண்டிய ஆறு நாடுகளின் கரையோர மக்கள் இசையைத் தேடிச் சென்று 'லயா புராஜெக்ட்' என்ற படமாகத் தொகுத்தனர். அத்தேடலில் நாகூரின் குரல்களும் அகப்பட்டன. பிறகு இம்மூவரின் பாடல்களையே முதன்மையாகக் கொண்டு 'நாகூர் செஷன்ஸ்' என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

அத்தொகுப்பின் உயிர் குரலில் இருக்கிறது. ஒருவர் எடுத்த அடியை மற்றவர் ஏந்தி, மூவரும் உச்சத்தில் சேரும் இடங்களில், பயின்று பெற்ற மெருகைக் காட்டிலும் பழகிப் பெற்ற உரம் ஒலிக்கிறது. வலி அப்துல் காதிர், சாகுல் ஹமீது என்னும் பெயர்களை ஆயிரம் முறை சொன்ன நாவுக்கே அந்த உரம் வாய்க்கும். குறை எங்கே என்றால், குரலைச் சூழ நிரப்பிய பிறவாத்தியங்களில்! தாயிராவின் அடிக்கு ஒரு வறட்சி உண்டு. தோலும் விரலும் மட்டுமே அறிந்த அந்த வறட்சிதான் சொல்லுக்கு இடம் விடுகிறது. அதன்மேல் கனத்த ஒலிகளை அடுக்கியதும் இசை வளர்கிறது, சொல் மங்குகிறது. தமிழறியாத செவிக்கு இது குறையன்று, நமக்குக் குறைதான்.

ஏனெனில் பக்கீர்மார்களின் பாட்டு அடிப்படையில் சொல்லின் கலை. இறைத்தூதர்களின் வரலாறும், வலிமார்களின் அற்புதமும், கிஸ்ஸாவும், மசலாவும் வீட்டு வாசலுக்கு வந்தது இவர்கள் வழியாகவும்தான். கேள்வியும் விடையுமாக அமைந்த மசலா, 1572ஆம் ஆண்டின் 'ஆயிரம் மசலா' தொட்டுத் தமிழில் வேரூன்றிய வடிவம். அத்தகைய நீண்ட கதையை ஐந்து நிமிட ஒலித்தடத்துக்குள் எவ்வாறு அடைப்பது? தொகுப்பாளர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் சந்தைக்கேற்ற துண்டை எடுத்தனர். முழுத்துணி எங்கே என்று நாம்தான் தேடியிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து நாகூர்க் கந்தூரிக்குச் செல்லும் ரயில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்தே போகிறது. இவ்வூர்களின் முஸ்லிம் தெருக்களில் ரமளான் இரவின் பின்சாமத்தில் பாவாமார்கள் தாயிரா தட்டிப் பாடி, ஸஹருக்கு எழுப்பிச் சென்ற வழக்கத்தை முதியோர் நன்கறிவர். பெருநாளன்று அவர்களுக்கு அரிசியும் காசும் தருவது வீட்டின் கடமையாகவே கருதப்பட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி முதலில் அவர்கள் வேலையில் பாதியைப் பெற்றுக்கொண்டது. மீதியைக் கைத்தொலைபேசியின் மணி பறித்துக்கொண்டது. வேலை போனதும் பாட்டுக்குக் கூலி போயிற்று. கூலி போனதும் மகன் வேறு தொழிலுக்குச் சென்றான். இதில் இசை கூடுமா கூடாதா என்னும் பழைய வழக்கை இழுக்க வேண்டியதில்லை. அந்த வழக்கு எத்தனையோ தலைமுறையாக நடந்துகொண்டிருந்தபோதும் பாவாமார்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பின்லாந்தில் கௌஸ்தினென் என்றொரு சிற்றூர் உண்டு. கல்யாண வீடுகளில் பிடில் வாசிப்பது அங்கே தலைமுறை வழக்கம். 1968 முதல் ஆண்டுதோறும் நாட்டார் இசைவிழா அங்கு நடந்து வருகிறது. 1982இல் அவ்வட்டாரத்து யார்வெலாவில் 'யார்வெலாவின் சிறு பிடில்காரர்கள்' என்ற பொருளுடைய பெயரில் ஒரு குழு தோன்றியது. பெயரைச் சுருக்கி ஜே.பி.பி. என்பர். பல பிடில்களும், ஓர் ஆர்மோனியமும், பெருந்தந்தி வாத்தியம் ஒன்றும் கொண்ட இக்குழு உலகெங்கும் புகழ் பெற்றது. நான் வியப்பது அப்புகழை அன்று. அக்குழுவைச் சேர்ந்த மௌனோ யார்வெலா என்பவர், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தேர்ந்தவனும் தொடங்கியவனும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் கற்பித்தல் முறையொன்றை வளர்த்தார். 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது அந்தக் குழுவின் பெயரை அன்று. கௌஸ்தினென் ஊரின் பிடில் வாசிப்பு மரபை.

நமக்கோ எழுச்சி என்றால் ஒருவரின் எழுச்சியே. இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா (1925–2015) ஒரு தனிமனித அற்புதம். அவருக்குப் பின் மேடையேறியோரில் பலர் அவர் குரலின் நிழலையே நாடினர். நாகூர் மூவரின் புகழும் அவ்வாறே மூவரோடு நின்றுவிடுமோ என்ற கவலை எனக்குண்டு. அவர்கள் பாடும் முறையை எந்தச் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியை இசைத்தட்டு வாங்கியவர் கேட்கமாட்டார். கேட்க வேண்டியவர் ஜமாஅத்தார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மீலாது மேடைகள் இல்லாமல் இல்லை. பதிவு செய்த இசைக்கு மேல் பிள்ளைகள் ஹனீபா பாடல்களைப் பாடுவதைக் கேட்டு மகிழ்கிறோம். அதே மேடையில் அரைமணி நேரத்தை வயதான பாவா ஒருவருக்கு ஒதுக்கி, அவர் பாடும் கிஸ்ஸாவை முதல் அடி தொட்டு இறுதி வரை ஒருவர் எழுதியெடுக்க, இரண்டு சிறுவர்கள் பக்கத்தில் அமர்ந்து தாயிராவைத் தட்டிப் பழகட்டும். ஒலிபெருக்கியை மட்டும் சற்றுத் தணித்து வைத்தால் போதும்.