பார்த்ததும் பார்த்ததாக நினைத்ததும்

'மாட் மாக்ஸ்' என்ற ஆஸ்திரேலியப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. "ஐயோ, ஒரே ரத்தக் களரி!" என்கிறார்கள் சிலர். "அதில் என்ன இருக்கிறது? பாதிப் படம் சும்மாவே போகிறது" என்கிறார்கள் மற்றவர்கள். இந்த இரண்டு கட்சிக்காரர்களுமே படத்தைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம்.

படம் வந்தது 1979-இல். சட்டமும் ஒழுங்கும் குலைந்து வரும் ஒரு நாளைய ஆஸ்திரேலியா. சாலைகளில் மோட்டார் சைக்கிள் கும்பலின் அட்டகாசம். சிநேகிதனையும் குடும்பத்தையும் அதற்குப் பறிகொடுத்துவிட்டுப் பழி வாங்கக் கிளம்பும் ஒரு போலீஸ்காரன். கதை இவ்வளவுதான். எடுத்தவர் ஜார்ஜ் மில்லர் என்ற டாக்டர். ஆஸ்பத்திரியில் சாலை விபத்துக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். இளம் வயதிலேயே நண்பர்களை அப்படிப்பட்ட விபத்துகளில் இழந்தவர். செலவு சுமார் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். சினிமாக் கணக்கில் அது சில்லறைக் காசு. போலீஸ்காரர்களில் பெரும்பாலோருக்குத் தோல் உடுப்பு வாங்கக் கட்டுப்படியாகாமல் வினைல் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். ஒரு மோதலில் நொறுங்குவது டைரக்டரின் சொந்த வண்டி.

அந்த நாட்டிலேயே பிலிப் ஆடம்ஸ் என்ற பிரபல எழுத்தாளர் படத்தை வெளுத்து வாங்கினார். கொடூரத்தில் சுகம் காண்கிறவர்களுக்காகவே எடுத்தது என்பது அவர் கட்சி. ஸ்வீடனிலும் நியூஸிலாந்திலும் தடையே போட்டுவிட்டார்கள். அமெரிக்காவிலோ வேறு கூத்து. ஆஸ்திரேலிய உச்சரிப்பு ஜனங்களுக்குப் புரியாது என்று பயந்து, எல்லோருக்கும் அமெரிக்கக் குரலை ஒட்டி வெளியிட்டார்கள். கதாநாயகன் மெல் கிப்ஸனின் குரலைக் கூடக் கேட்காமலே அவர் நடிப்பைப் பற்றி அங்கே அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள்!

ரத்தக் களரிக்கு வருகிறேன். மாக்ஸின் மனைவியும் குழந்தையும் அடிபடும் இடத்தைப் பற்றி என் தமக்கை மகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். வண்டிகள் ஏறுவதையும், குழந்தை கிடப்பதையும் கண்ணால் கண்டதாகவே அவன் வர்ணித்தான். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடுகிறாள். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் நெருங்குகின்றன. அப்புறம் தார் ரோட்டில் ஒரு பந்து உருண்டு வருகிறது, கூடவே ஒரு குட்டி ஷூ. அவ்வளவுதான். சிநேகிதன் கூஸ் எரிந்து கருகிய பிறகும் ஆஸ்பத்திரிப் போர்வைக்கு வெளியே வந்து விழும் ஒரு கையைத்தான் காண்கிறோம். மிச்சத்தையெல்லாம் போட்டு நிரப்பியவர்கள் நாங்கள்தாம். கையில் காசு இல்லாதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விபத்தில் சிதைந்த உடம்புகளை மேஜை மேல் பார்த்த மனிதர், அவற்றை நமக்குக் காட்ட வேண்டாம் என்று தீர்மானித்ததும் காரணமாக இருக்கலாமே!

இரண்டாவது கட்சிக்காரர்களில் பலர் 1981-இல் வந்த இரண்டாம் படத்தையோ 2015-இல் வந்த நான்காம் படத்தையோ முதலில் பார்த்துவிட்டு இதற்கு வந்தவர்கள். பாலைவனத்தையும் பெட்ரோலுக்கு நடக்கும் யுத்தத்தையும் தேடுகிறார்கள். இங்கே புல் பச்சையாக இருக்கிறது. கடையில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். "உலகம் அழிந்துவிட்டது என்றார்களே, எங்கே?" என்று ஏமாந்து போகிறார்கள். இன்னும் அழியவில்லை, ஐயா! அழிந்துகொண்டிருக்கிறது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் வரிசையில் மனிதர்கள் அடித்துக்கொண்டதைக் கவனித்த ஒரு பத்திரிகைக்காரர்தான் மில்லரோடு சேர்ந்து கதை எழுதியவர். அந்த வரிசைக்குப் பக்கத்திலும் ஐஸ்கிரீம் கடை திறந்துதான் இருந்திருக்கும்.

எனக்குப் படத்திலேயே பயங்கரமாகப் பட்ட இடத்தில் ஒரு அடிதடியும் கிடையாது. கும்பலில் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சாட்சி சொல்ல ஊரார் யாரும் வரவில்லை. கெடுக்கப்பட்ட பெண்ணும் வரவில்லை. சட்டக்காரர்கள் வந்து அவனை அழைத்துக்கொண்டு போகிறார்கள். இந்தக் காட்சியைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. கார்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. பின்னணி இசை, தட்டினாலே திறக்கிற கதவை உலக்கையால் இடிக்கிறது. குடும்பம் உல்லாசப் பிரயாணம் போகும் பகுதி நீளம்தான்.

ஆடம்ஸ் சொன்னதை முற்றும் தள்ளிவிடவும் எனக்குத் தைரியம் இல்லை. முடிவில் மாக்ஸ், அதே இளைஞனை, தீப்பற்றப் போகும் வண்டியோடு காலில் விலங்கு மாட்டிவிட்டு, கையில் ஒரு ரம்பத்தைக் கொடுக்கிறான். சங்கிலியை அறுக்கப் பத்து நிமிஷம் ஆகும், கணுக்காலை அறுக்க ஐந்தே நிமிஷம் என்று கணக்கும் சொல்லிவிட்டுப் போகிறான். வெடிப்பது தூரத்தில், அவன் முதுகுக்குப் பின்னால். காமிராவுக்கு முன்னால் இருப்பது அவன் முகம். அதில் வெற்றியும் இல்லை, நிம்மதியும் இல்லை. என் தமக்கை மகன் கை தட்டினான். நான் தட்டவில்லை, ஆனால் "அப்பாடா" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.