பழைய காரின் மட்கார்டை எப்படி ரசிப்பது?

பழைய கார் ஒன்று தெருவில் நின்றால் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கிரில், ஹெட்லைட், கம்பெனிப் பெயர் பொறித்த உலோகப் பட்டை. கூட நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ரசித்தது தொழிற்சாலை செய்ததை. உள்ளூர் டிங்கர் செய்ததையும் ரசிக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் வந்து, சக்கரத்துக்கு மேலே கவிந்திருக்கும் மட்கார்டின் முன் குந்தி உட்கார வேண்டும்.

காரைக்கால் மாதிரி ஊரில் இது இன்னும் பொருந்தும். கிழக்கே வங்கக்கடல், ஊரை ஒட்டி ஓடிக் கடலில் சேரும் அரசலாறு, ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. உப்புக்காற்று காரில் முதலில் தின்பது மட்கார்டைத்தான். சக்கரம் வாரியடிக்கும் சேறு உள்மடிப்புகளிலும், ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறத்திலும், கதவை ஒட்டிய கீழ்முனையிலும் போய் அடைந்துகொள்கிறது. வெளியே வெயில் காய்ந்தாலும் அந்தச் சேறு உள்ளே ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயிண்டில் மிளகு அளவுக்குக் கொப்புளம் தெரியும்போது அடியில் தகரம் பாதி போயிருக்கும். அதனால் கடலோரத்தில் ஓடிய பழைய காரின் மட்கார்டில், கம்பெனியிலிருந்து வந்த தகரம் எவ்வளவு, பட்டறையில் வெட்டி ஒட்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதிலேயே ரசனை தொடங்கிவிடுகிறது.

உச்சி வெயிலில் பார்க்காதீர்கள். காலை ஏழு எட்டு மணி, இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். ஹெட்லைட் பக்கம் குந்தி, கண்ணை மட்கார்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் நீளவாக்கில் பின்னோக்கிப் பாருங்கள். பெயிண்டில் ஒரு மின்கம்பமோ தென்னை மரமோ பிரதிபலிக்கும். தலையை மெல்ல அசைத்தால் அந்தக் கோடு மட்கார்டின் மேல் ஊர்ந்து போகும். எங்கும் தயங்காமல், ஒரே வேகத்தில் வளைந்து போனால் தகரம் சரியாக அமைந்திருக்கிறது. ஓரிடத்தில் கோடு நெளிந்து, சற்று நின்று, பிறகு தாவினால் அங்கே பட்டி பூசி மேடு பள்ளத்தை மறைத்திருக்கிறார்கள். கையில் சிறிய காந்தம் இருந்தால் பெயிண்ட் கீறாதபடி ஒரு துணியில் சுற்றி, உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு வைத்துப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் பிடிப்பு தளரும். ஃபைபரில் வார்த்த மட்கார்டில் ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது கை. உள்ளங்கையை விரித்து, அழுத்தாமல், முன்னிருந்து பின்னாகத் தடவிப் பாருங்கள். கண் தவறவிடும் மேடு கைக்குத் தெரியும். நல்ல டிங்கர்கள் கண்ணைவிடக் கையைத்தான் நம்புகிறார்கள். பிறகு விரலை விளிம்புக்கு அடியில் விடுங்கள். பழைய மட்கார்டுகள் பலவற்றில் விளிம்புத் தகரத்தை உள்ளே ஒரு கம்பியைச் சுற்றி மடித்திருப்பார்கள். மெல்லிய தகரம் அதிராமல் நிற்பது அந்த மடிப்பால்தான். மறுபடி செய்யும்போது கம்பி மடிப்பையும் திரும்பக் கொண்டுவந்தவர் தொழிலை மதிக்கிறவர். வெறுமனே வளைத்து விட்டிருந்தால் விளிம்பு கூர்மையாகக் கையில் படும். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் சரி, அந்த வேலைக்கு என்னிடம் பாதி மதிப்பெண்தான்.

மட்கார்டு செய்வது ஏன் கஷ்டம்? ஒரு பக்கம் மட்டும் வளைவது என்றால் உருளையில் கொடுத்து வளைத்துவிடலாம். மட்கார்டோ முன்பின்னாகவும் வளைகிறது, மேலிருந்து கீழாகவும் வளைகிறது. அப்படியென்றால் நடுவில் தகரம் நீள வேண்டும், ஓரத்தில் சுருங்க வேண்டும். மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் நடு நீண்டு குழியும். பிறகு உள்ளே டாலி என்னும் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து, வெளியே தட்டையான சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமன் செய்வார்கள். அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் அந்த இடம் தளர்ந்து, அமுக்கினால் ‘டக் டக்’ என்று உள்ளே போய் வெளியே வரும். அதற்கு கேஸ் வெல்டிங் நெருப்பில் ஒரு புள்ளியை மட்டும் சிவக்கச் சூடாக்கி, தட்டி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்க வேண்டும். ஒரு நொடி அதிகம் காட்டினால் தகரம் கோணிக்கொள்ளும். ஒடுக்கு எடுத்த மட்கார்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்னச் சுத்தியல் தடங்கள் தெரியும். வெளிப்புறத்தைவிட எனக்கு அதுதான் அழகு.

பயிற்சிக்கு அம்பாசடரை விடச் சிறந்த கார் இல்லை. இங்கிலாந்தின் மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்ஃபர்ட்தான் அதன் மூலம். கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. முன் மட்கார்டின் தோள் ஹெட்லைட்டிலிருந்து புறப்பட்டு முன்கதவை நோக்கி வந்து அடங்குகிறது. பின் சக்கரத்தருகே உடல் மறுபடி திரள்கிறது. கடைசியில் டெயில் லைட்டுக்கு மேல் மிகச் சிறிய ஒரு வால் எழுப்பு. இரண்டு திரட்சிகளுக்கும் நடுவே உள்ள அமைதியான பகுதியைக் கவனியுங்கள். பின்கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தால் கதவிலிருந்து பின் திரட்சிக்குப் போகும் வளைவு இடைவெளியைத் தாண்டியும் அறுபடாமல் தொடர வேண்டும். விபத்தில் அடிபட்ட கார்களில் அங்கேதான் குட்டு வெளிப்படும். திருநள்ளாறுக்குச் சனிக்கிழமை சவாரி அடித்து ஓய்ந்த பழைய டாக்ஸிகளில் அடிபடாத மட்கார்டு கிடைப்பது அபூர்வம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

ஃபியட் 1100, அதன் பிற்காலப் பெயரில் பத்மினி, இன்னும் ஒல்லி. அதில் வளைவைவிட விளிம்புக் கோடுதான் முக்கியம். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு ரகம். வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலாட்டி. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முழு பாடி செய்து கொடுக்க ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கும்படி அந்தக் காரை அமைத்தார்கள். மூடிய நிலையில் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால் உரிமையாளரை மனதாரப் பாராட்டலாம்.

காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 அக்டோபர் வரை இருந்தது. அந்தக் காலத்து பிரெஞ்சு கார் என்றால் 1934 முதல் 1957 வரை வந்த சித்ரோயன் டிராக்ஷன் அவாந்தான். அதை வடித்த ஃப்ளாமினியோ பெர்டோனி ஒரு சிற்பி. படத்தில் பார்த்தாலே முன் மட்கார்டில் சிற்பியின் விரல் தெரியும். அதே காலத்தில் பாரிஸின் ஃபிகோனி எ ஃபலாஷி பட்டறை டால்போ-லாகோ கார்களுக்குக் கண்ணீர்த்துளி வடிவில் சக்கரத்தை மூடும் மட்கார்டுகள் செய்தது. கபுர்தலா அரச குடும்பத்து ஸ்டெல்லா அப்படி ஒரு காரை வைத்திருந்தார்.

அமெரிக்காவின் ஹாட் ராட்காரர்கள், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைப்பவர்கள், நேர் எதிர்த் திசையில் போனார்கள். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் காட்ட, 1932 ஃபோர்டு போன்ற கார்களிலிருந்து மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தது, சக்கரம் அம்மணமாக நின்றது. வேகம் வேண்டாம், ஒய்யாரம் போதும் என்ற இன்னொரு கூட்டம் கூரையைத் தாழ்த்தி, ஈயம் உருக்கி ஊற்றி இணைப்புகளை மறைத்தது. கார்களை இப்படி மாற்றித் தந்த பேரிஸ் சகோதரர்கள், பாப் ஹிரோஹாட்டா என்ற வாடிக்கையாளருக்காக மாற்றிய 1951 மெர்குரி கார் அதில் பேர்போனது. அதன் பக்கவாட்டை மட்டும் தனியாகப் பாருங்கள். முன்னிருந்து பின்வரை கண் எங்கும் தடுக்காது.

நம் நாட்டில் அந்த அளவுக்கு வெட்ட முடியாது. தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 2021இல் வந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டிய கார் விண்டேஜ் பதிவு பெற மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். இதனால் டிங்கரின் கலைக்கு ஒரு குறையும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். புது வளைவு ஒன்றை இஷ்டப்படி போடுவதைவிட, துரு தின்றுபோன பழைய வளைவை அதே இடத்தில் திரும்ப எழுப்புவது கடினம். ஒப்பிட்டுப் பழக, கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பல நாட்டு மட்கார்டுகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

கடைசியாக, உரிமையாளர் நல்ல மனநிலையில் இருந்தால் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முன் மட்கார்டை உடலோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஓரமாக வரிசையில் தெரியும். போல்ட் தலையில் பெயிண்ட் உடையாமல் இருந்தால் பெயிண்ட் அடித்த பிறகு யாரும் கை வைக்கவில்லை. உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். யார் மாட்டினார், எந்தப் பட்டறை, எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். காரைப் பற்றி உரிமையாளர் மணிக்கணக்காகப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.