கண்ணாடிச் சுவருக்குள் ஒரு கழிப்பறை

வெளியூர் சென்ற இடத்தில் பொதுக் கழிப்பறையின் கதவருகே நின்று தயங்காதவர் நம்மில் எத்தனை பேர்? உள்ளே சுத்தமாக இருக்குமா? யாரேனும் பதுங்கியிருப்பார்களா? கதவைத் திறந்து பார்த்தாலன்றி இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு தனியே வரும் பெண்ணுக்கு இரண்டாவது கேள்வி வெறும் கேள்வியாக இல்லாமல் அச்சமாகவே மாறிவிடுகிறது.

கதவைத் திறக்குமுன்பே இவற்றுக்கு விடை சொல்லும் கழிப்பறையைப் பற்றி நீங்கள் படித்திருக்கக்கூடும். டோக்கியோ நகரின் ஷிபுயா வட்டாரத்தில், நிப்பான் அறக்கட்டளையின் முயற்சியால், 16 வடிவமைப்பாளர்களைக் கொண்டு 17 இடங்களில் புதிய பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2020இல் முதலாவது திறக்கப்பட்டது. 2023இல் பணி நிறைவுற்றது. இவற்றுள் உலகத்தை வியக்க வைத்தவை, இரு பூங்காக்களில் ஷிகெரு பான் அமைத்த கண்ணாடிக் கழிப்பறைகள். 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குக் காகிதக் குழாய்களால் வீடு கட்டித் தந்தவர் இவர். ஆகவே வேடிக்கைக்காகக் கட்டியிருப்பார் என்று தள்ளிவிட முடியாது.

இக்கழிப்பறைகளின் சுவர்கள் வண்ணச் சாயல் ஏற்றிய கண்ணாடி. ஆளில்லாதபோது உள்ளே இருப்பதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டால் சுவர் மங்கிவிடும். பிறகு எதுவும் தெரியாது. இது எவ்வாறு நிகழ்கிறது?

வடை மடித்துத் தந்த தாளைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியை உள்ளே விடுகிறது அல்லவா? தாளின் நார்களுக்கும் அவற்றின் இடையே உள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வேறு வேறு. ஆதலால் ஒளி ஒவ்வோர் எல்லையிலும் வளைந்து, தெறித்து, சிதறிவிடுகிறது. தாள் வெள்ளையாகத் தோன்றுகிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. சிதறல் குறைந்து ஒளி ஊடுருவுகிறது.

இத்தகைய கண்ணாடியின் மந்திரமும் இதுவே. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். அதனுள் திரவப் படிகத் துளிகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். மின்னழுத்தம் இல்லாதபோது துளிக்குத் துளி மூலக்கூறுகள் வெவ்வேறு திசை நோக்கி நிற்கும், ஒளி சிதறும். மின்னழுத்தம் கொடுத்தால் யாவும் ஒரே திசையில் திரும்பும். அத்திசையில் துளியின் ஒளிவிலகல் எண்ணும் பிளாஸ்டிக்கின் எண்ணும் ஒத்துப்போகும். எண்ணெய்த் தாள் போலக் கண்ணாடி தெளிந்துவிடும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மின்சாரம் இருந்தால்தான் தெளிவு, இல்லையென்றால் மங்கல். தாழ்ப்பாளைப் போட்டால் மின்சாரம் நிற்கிறது. ஆகவே நீங்கள் உள்ளே இருக்கும்போது ஊரெல்லாம் மின்சாரம் போனாலும் உங்கள் மானம் போகாது! பழுது நேர்ந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை இது. தாழ்ப்பாள் போட மறந்தாலும் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவுக்கும் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்குள்ளேயே குறையும் ஒளிந்திருந்தது. கண்ணாடி தெளிவடையும்போது மின்புலம் மூலக்கூறுகளைப் பிடித்துத் திருப்புகிறது. மங்கும்போதோ அவற்றைத் தள்ளுவதற்கு யாரும் இல்லை. பிடி விட்டதும் அவை தாமாகவே பழைய நிலைக்குத் தளர்ந்து திரும்ப வேண்டும். குளிரில் திரவப் படிகத்தின் பாகுத்தன்மை மிகும். மார்கழிக் காலையில் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டோக்கியோவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை நீர் உறையும் நிலையை நெருங்கும். 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கண்ணாடி மங்குவதற்கு நேரம் பிடிக்கவே, எப்போதும் மங்கலாகவே இருக்கும்படி விட்டுவிட நேர்ந்தது. வெளியிலிருந்தே உள்ளே பார்க்கலாம் என்பதற்காகவே கட்டிய சுவர், குளிர் முடியும்வரை சாதாரணச் சுவராயிற்று.

மின்தடையில் காப்பாற்றிய அதே குணம்தான் குளிரில் காலை வாரியது. இதைப் பொருளின் குற்றம் என்று சொல்லமாட்டேன். கழிப்பறை திறக்கப்பட்டது 2020 ஆகஸ்டில், நல்ல புழுக்கத்தில். ஆகஸ்டில் பார்த்து மெச்சிய உலகம் ஜனவரியைப் பற்றிக் கேட்கவில்லை. நாமும் படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தாமே! வெப்பநிலையை அறியும் கருவி ஒன்றைச் சேர்த்து, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர் இறங்கினால் தானே மங்கிவிடுமாறு முதலிலேயே செய்திருக்கலாம். அது பெரிய செலவும் அன்று.

இன்னொரு ஐயமும் எனக்கு உண்டு. இரவில் இக்கழிப்பறைகள் பூங்காவுக்கே அழகிய விளக்குப் போல் ஒளிர்கின்றன என்று புகழ்கிறார்கள். வரைபடத் தாள் கடைகளில் கிடைக்கும் டிரேசிங் தாளை விளக்குக்கு முன் பிடித்து, அதன் பின்னே உங்கள் விரலை வையுங்கள். விரல் தாளை ஒட்டியிருந்தால் உருவம் தெரியும்; விலக விலகத்தான் கரையும். ஒளியைச் சிதறடிக்கும் எந்தச் சுவருக்கும் இந்த இயல்பு உண்டு. உள்ளே விளக்கெரிய, சுவரை ஒட்டி நிற்பவரின் சாயல் மங்கலாகவேனும் வெளியே விழக்கூடும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது சின்ன விஷயமல்ல.

எல்லாவற்றையும் விட, கண்ணாடி சுத்தத்தைக் காட்டுமேயன்றிச் சுத்தம் செய்யாது. அழுக்கான அறையைக் கண்ணாடிக்குள் வைத்தால் அழுக்குத்தான் ஊருக்குத் தெரியும். முதற்கேள்விக்கு உண்மையில் விடை தருபவர் துடைப்பமும் வாளியுமாக நாள்தோறும் வருகிறவர். வடிவமைப்பாளர்களின் பெயர்களை நாளேடுகள் பட்டியலிட்டன. இவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அந்தக் குறையை 2023இல் ஒரு திரைப்படம் ஓரளவு தீர்த்தது. ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தின் நாயகன் இக்கழிப்பறைகளைக் கழுவும் ஹிராயாமா என்னும் தொழிலாளி. அவராக நடித்த கோஜி யகுஷோ அவ்வாண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு பெற்றார்.

அப்படத்தில் வெளிநாட்டுப் பெண்ணொருத்தி கண்ணாடிச் சுவரைக் கண்டு விழித்து நிற்கிறாள். ஹிராயாமா ஒன்றும் பேசாமல், தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டுகிறார்.