தங்கம் எதற்குக் கிடைத்தது?

படிக்கிற பெண்ணுக்குப் பரிசு என்ற எண்ணத்தில் 1989இல் தொடங்கியது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு தகுதி பத்தாம் வகுப்பானது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. பட்டதாரிக்கு 50,000 ரூபாய். 2016இல் தங்கம் 8 கிராம்.

இதற்காகவே மகளைப் பத்தாவதுவரை அனுப்பிய, பதினெட்டு முடியும்வரை பொறுத்த வீடுகள் உண்டு. மறுக்கமாட்டேன். ஆனால், ஒரு செயலை ஒட்டி உடனே வரும் பரிசுதான் அதைப் பழக்கமாக்கும் என்பது ஸ்கின்னரின் எளிய பாடம். தாமதமானால் பரிசுக்கு அருகில் நிற்கும் வேறொன்று வலுப்பெறும். பள்ளிக்கூடத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே பல ஆண்டுகள். தங்கத்தின் அருகில் நின்றது கல்யாணப் பத்திரிகை. மணம் செய்துகொள்ளாமல் எம்.ஏ. முடித்தவளுக்குக் குன்றிமணிப் பொன்னும் இல்லை.

அந்தப் பெயர்தான் உறுத்துகிறது. இராமாமிர்தம் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியவர். பொன்னுக்காகப் பெண்ணைப் பழக்கும் உலகை உள்ளிருந்து பார்த்தவர். அவர் பெயரிலா தாலிக்குத் தங்கம்?

2022இல் அதே பெயர் உயர்கல்வித் திட்டத்துக்குப் போனது. புதுமைப் பெண் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரியில் இருக்கும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. தங்கம் போயிற்றே என்று வருந்திய தாய்மாரைக் கேலிசெய்ய முடியாது; வரதட்சணை எங்கும் போய்விடவில்லை. ஆனாலும் பரிசு இப்போதுதான் படிப்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் என் மாணவிகளின் கைபேசியில் வங்கிக் குறுஞ்செய்தி வரும் நாளில் வகுப்பே சலசலக்கும். ஷேர் ஆட்டோ, ரீசார்ஜ், சில சமயம் அம்மாவின் குழுக்கடன் தவணை.

மாதம் ஒருமுறை வரும் இந்தப் பணத்துக்குப் போட்டி தெருவில் இருக்கிறது. “குனிஞ்ச தல நிமிராம போவுது பாரு, அதான் பொண்ணு.” உடனே கிடைக்கும், தினமும் கிடைக்கும், யாருக்கும் செலவில்லை, கேட்கவும் இனிக்கும். பாடத்தில் சந்தேகம் வந்தும் எழுந்து கேட்காத பெண்ணை அவள் பிறந்தது முதல் இந்தச் சொல்தான் பழக்கியிருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்பவளை மெச்ச நம்மிடம் என்ன சொல் புழங்குகிறது? வாயாடி, துடுக்கு, அடங்காப்பிடாரி. கெட்டிக்காரி என்ற சொல் உண்டு; செம்மண்டலத்தில் நான் கேட்டவரை, இருக்கிற காசில் குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.