கரைசேர்ந்த மரக்கலம்

சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிற் கோயில் கொண்டருளும் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரின் வரலாறு, சீர்பாதக் குலத்தாரின் குடியேற்ற வரலாறுமாகும். சோழ இளவரசி சீர்பாததேவி ஏறிவந்த மரக்கலம் திருக்கோணமலைக் கடலில் அசையாது நின்றது. கடலினின்றும் பிள்ளையார் திருவுருவம் எடுக்கப்பட்டது. கலம் கரைசேருமிடத்திற் கோயில் எடுப்பதாக நேர்ந்தபின் அது வீரமுனையை அடைந்தது என்பது ஐதீகம்.

இதற்கு ஆண்டு கணிக்க முயல்வார் பலர். அம்முயற்சி கதையின் உயிரைத் தொடுவதன்று. வந்தேறிய குடியொன்று, இந்நிலத்தைத் தெரிந்தவர் பிள்ளையாரே என்று சொல்லுமாயின், அஃது அக்குடியின் காணியுறுதி அன்றோ? ஆயின் கதை சொல்வோர் இளவரசியிடத்தும் அற்புதத்திடத்துமே தங்கிவிடுகின்றனர். மறுநாள் விளக்குக்கு எண்ணெய் தந்தவர் யார்? மட்டக்களப்புத் தேசத்தின் குடிமுறையே இவ்வினாவுக்கு விடை தருவது. தாய்வழிக் குடிகள் திருவிழாக்களைப் பங்கிட்டு ஏற்றலும், வண்ணக்கர் பொருளுங் கணக்குங் காத்தலும் இப்பகுதிக் கோயில்களின் மரபு. அம்முறையே கோயிலை ஊரார்க்கு உரிமையாக்கிற்று. முதன்மரியாதை பற்றிய பூசல்களுக்கும் அதுவே தாய் என்பதை மறைத்தல் தகாது. அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிவாரியாகப் பள்ளிவாசல் மரைக்காயரைத் தெரியும் வழக்கம் இருந்தது. நம் மாணவருட் பலர் இதனை அறியார்.

1990 ஆகஸ்டில் இக்கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் கொல்லப்பட்டனர். கலம் கரைசேர்ந்ததோடு வரலாற்றை முடிப்பவர், அவ்வாண்டுக்கும் ஓர் அதிகாரம் எழுதுதல் வேண்டும்.