நிலவும் இருட்டறையும்

புகைப்படம் ஒரு கலைதானா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிரே இருப்பதைக் காமிரா வாங்கிக்கொள்கிறது. இதில் மனிதன் செய்ய என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. நானும் வெகுநாள் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என் எண்ணத்தை மாற்றியது.

1941-ம் ஆண்டின் இலையுதிர் காலம், மாலை வேளை. நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். மாதா கோயில், இடுகாட்டில் வெள்ளைச் சிலுவைகள், அப்பால் பனிமலைகள், மேலே நிலா. காரில் போய்க்கொண்டிருந்த ஆடம்ஸ் அவசரமாக இறங்கிக் காமிராவை நிறுத்தினார். ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதைக்கொண்டு கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பேன். மீதி வேலை இருட்டறையில் நடந்தது. காகிதத்தில் எங்கே வெளிச்சம் அதிகம் விழுகிறதோ அங்கே கறுப்பு ஏறும். ஆகவே தரையை மறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் கொடுப்பார். 1948-ல் நெகடிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தால் அழுத்தமாக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுத்தார். இளமையில் பியானோ பயின்றவர். நெகடிவ் ஸ்வரக் குறிப்பு, பிரதிதான் கச்சேரி என்பது அவர் கொள்கை. ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. முந்திய பிரதிகளில் வானம் சாம்பல் நிறம். மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. பிந்தியவற்றில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. தாம் மனத்தில் கண்ட படம் 1970-களில்தான் கைக்கு வந்தது என்று ஆடம்ஸே எழுதியிருக்கிறார். உலகமும் அதைத்தான் கொண்டாடுகிறது. இரண்டையும் புத்தகங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு வானம் பிரமிக்க வைக்கிறது. ஆனால் மாலை ராத்திரியாகிவிட்டது. ராத்திரியில் சிலுவைமேல் வெயில் ஏது? போய்க்கொண்டிருக்கும் வெளிச்சத்துக்காகத்தானே அந்த மனிதர் காரை விட்டு ஓடினார்? அந்தப் பதைப்பு சாம்பல் வானத்தில்தான் இருக்கிறது.

படைத்தவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்பதல்ல. மறுபதிப்புக்காக என் பழைய கதை ஒன்றைத் திருத்தினேன். முடிவில் சோகம் போதாது என்று தோன்ற, நாலு வரி சேர்த்தேன். புரூப் வந்திருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்த நாலு வரியையும் அடித்துவிட்டேன்.