தன்னை மறைத்துக்கொள்ளும் ஒர்க்புக்

எக்ஸ்.எல்.ஏ.எம். என்ற எக்செல் ஆட்-இன் கோப்பு ஒன்றை டபுள் கிளிக் செய்தால் திரையில் ஷீட் எதுவும் வராது. பழக்கமில்லாதவர் கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைப்பார். ஆனால் அது திறந்துதான் இருக்கிறது. ஆல்ட்-எஃப்11 தட்டி விபி எடிட்டருக்குப் போய், அந்தக் கோப்பின் 'திஸ்ஒர்க்புக்'கைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்துங்கள். 'இஸ்ஆட்இன்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கினால், ஒளிந்திருந்த ஷீட்டுகள் சட்டென்று வந்து நிற்கும்: பழைய வரி விகிதங்கள், எழுதியவர் தனக்காகக் குறித்துவைத்த இரண்டு வரிகள். எக்செல் ஆட்-இன் என்பது ஆளைக் காட்டிக்கொள்ளாமல் வேலை பார்க்கும் சாதாரண ஒர்க்புக், அவ்வளவுதான். எனக்கு இதில் பிடித்ததே இந்த எளிமைதான்.

தொகையை எழுத்தால் எழுதும் ஃபங்ஷனையே பாருங்கள். தாய்லாந்து பணத்துக்கு 'பாத்டெக்ஸ்ட்' என்று எக்செல்லிலேயே ஒன்று உண்டு, ரூபாய்க்குக் கிடையாது. மைக்ரோசாஃப்ட் மாதிரிக்குக் கொடுத்த 'ஸ்பெல்நம்பர்' நிரல் டாலர், மில்லியன் என்று பேசும். அதை உடைத்து லட்சம், கோடி, பைசா பேசவைத்து ஆட்-இன்னாகச் சேமித்து, பென் டிரைவில் கைமாற்றிக்கொண்டவர்கள் நம் ஊர் கணக்கர்கள். இன்வாய்ஸின் அடியில் 'ஒன்லி' என்று முடியும் வரிக்குப் பின்னால் சில நேரங்களில் இப்படியொரு கோப்பு இருக்கும்.

கையால் நிறுவுவதிலும் ஒரு லயம் உண்டு. மெயிலில் வந்த கோப்பென்றால் முதலில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'அன்பிளாக்'. இதை விட்டால் மேக்ரோவை எக்செல் ஓடவிடாது. விடாததும் நியாயமே, யார் எழுதியதோ! பிறகு ஆல்ட், டி, ஐ. 'டூல்ஸ்' மெனு 2007லேயே போய்விட்டது. அதன் சாவிகள் மட்டும் இன்னும் ஆட்-இன் பட்டியலைத் திறக்கின்றன. 'பிரௌஸ்' கொடுத்துக் கோப்பைக் காட்டி, ஒரு டிக்.

எடுப்பதும் அதே டிக்தான். ஃபிரன்ட்லைன் சிஸ்டம்ஸ் எழுதிய 'சால்வர்' எக்செல்லோடு கூடவே வருகிறது, ஆனால் தூங்கிக்கொண்டு. டிக் போட்டால் 'டேட்டா' டேபின் வலது ஓரத்தில் பட்டன் முளைக்கும். எடுத்தால் வந்த சுவடே இருக்காது. ஒர்க்புக்காக அல்லாமல் தனி மென்பொருளாக நிறுவப்படும் காம் ஆட்-இன்களிடம் இந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது. ரெஜிஸ்ட்ரியில் எழுதிக்கொள்ளும், தனிப் பட்டியலில் உட்காரும். எக்செல்லைக் கவிழ்த்தால் 'டிஸேபிள்டு ஐட்டம்ஸ்' பட்டியலுக்குத் தள்ளப்படும். அங்கே எட்டிப் பார்க்காமல் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்பவர்கள் ஏராளம். எது தொல்லை என்றே தெரியாவிட்டால், கன்ட்ரோலைப் பிடித்தபடி எக்செல்லைத் திறந்தால் சேஃப் மோடில், ஆட்-இன் எதுவும் இல்லாமல் வரும்.

எக்ஸ்.எல்.ஏ.எம்.மிலும் ஒரு குறை உண்டு. ஸ்பெல்நம்பர் போட்ட ஷீட்டை வேறொருவருக்கு அனுப்பினால், ஃபார்முலாவின் முன்னால் அனுப்பியவருடைய கம்ப்யூட்டரின் முழு ஃபோல்டர் பாதையும், அவர் யூசர் பெயரும் சேர்ந்து, ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அலுவலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஆட்-இன்னை சர்வரில் ஒரே இடத்தில் வைப்பது நல்லது. 'பிரௌஸ்' கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டும்போது, உங்கள் ஆட்-இன் ஃபோல்டருக்கு நகல் எடுக்கட்டுமா என்று எக்செல் பவ்யமாகக் கேட்கும். 'நோ' சொல்லிவிடுங்கள்.